தன் தசையும் பிறர் தசையும்

"தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்" என்பது எம்மவர் நாவில் இடையறாது பயிலும் ஒரு பழமொழி. உடன்பிறந்தாருக்கு ஓர் இடர் நேரும்போது, மனம் பழைய பகையை எண்ணி ஒதுங்கி நிற்பினும், தசை தானாகவே துடித்தெழும் என்பது அதன் கருத்து. மனத்தைவிடத் தசை நேர்மையானது. மனம் மறந்துவிட்ட உறவைத் தசை மறப்பதில்லை என்னும் நம்பிக்கையொன்று இதன் அடியிலே கிடக்கின்றது. இரத்த உறவு, தொப்புள்கொடி உறவு, ஒரே வயிற்றிற் பிறந்தவர் முதலான வழக்குகளும் அந்நம்பிக்கையின் வழிவந்தவையே. உறவை நாம் உடலின் மொழியிலேயே பேசிப் பழகிவிட்டோம். இப்பேச்சு உவமையளவில் நிற்கும்வரை எவருக்கும் தீங்கில்லை. ஒருவரின் தசையை எடுத்து மற்றொருவரின் உடலில் மெய்யாகவே பொருத்தும் காலம் வந்த பின்னர், அதே பேச்சு ஒரு மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் கூடும். எமது குடும்பத்தில் அவ்வாறுதான் நிகழ்ந்தது.

எனது பெரியப்பா மன்னார்த் தீவிலே, பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கரையில் வாழும் கடற்றொழிலாளர். பல்லாண்டு நீரிழிவினால் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. கிழமைக்கு இரண்டு தடவை, வெளிமாவட்டத்து வைத்தியசாலையொன்றில் இயந்திரத்தின் துணையுடன் குருதியைச் சுத்திகரித்து உயிர் தரித்திருந்தார். 2021ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய தங்கை, எனக்கு மாமி முறையானவர், தமது சிறுநீரகங்களுள் ஒன்றை அவருக்கு அளித்தார். இவ்விருவருக்கும் இடையே ஒரு பனங்காணி தொடர்பாக நெடுங்காலப் பிணக்கு இருந்தது. வழக்கு மன்றுவரை சென்ற பிணக்கு. ஏறத்தாழ பதினோராண்டுகள் ஒருவர் முற்றத்தை மற்றவர் மிதித்ததில்லை. ஆயினும் வைத்தியர்கள் உறவினருள் எவரேனும் முன்வருவாரா என வினவியபோது முதலில் வந்தவர் மாமியே. பழமொழி மெய்யாயிற்று என ஊரார் வியந்தனர்.

அந்த வியப்பு எட்டு மாதங்களே நிலைத்தது. 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தின் இறுதியில் பெரியப்பாவின் கால்கள் வீங்கின, சிறுநீர் குறைந்தது, குருதியிலுள்ள கிரியற்றினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு 1.3 இலிருந்து 2.9 ஆக உயர்ந்தது. இழையப் பரிசோதனை செய்த வைத்தியர்கள், பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கிவிட்டது என்றனர். செய்தி ஊருக்கு வந்து சேர்ந்ததும் பழமொழி திருப்பிப் போடப்பட்டது. "மனசாரக் குடுக்கேல்லை, அதுதான் ஒட்டேல்லை" என்றனர். காணிப் பகை இரத்தத்திலே கலந்திருக்கின்றது என்றார் ஒரு முதியவர். அதன்பின் மாமி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பெண்கள் கூடிநின்று பேசும் மரத்தடியைத் தவிர்த்து, கோயிலின் பின்வாசல் வழியாக வீடு செல்லலானார்.

நான் கலைப்பீட மாணவர்களுள் ஒருவன். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்கின்றேன். உடற்றொழிலியல் எனது துறையன்று. எனினும் "ஒட்டுதல்" என்னும் சொல்லை ஊரார் கையாண்ட முறை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு சொல் ஒருவரைத் தண்டிக்குமாயின், அச்சொல்லின் பொருளை விசாரிப்பது மொழி பயில்வோனுக்கும் உரிய கடமையே. பல்கலைக்கழகம் புகுந்த பின்னர், விடுதியில் என்னுடன் தங்கிய மருத்துவபீட நண்பர் ஒருவரின் பொறுமையைப் பெரிதும் சோதித்தும், நூல்களைப் புரட்டியும் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

முதலில் ஒரு தாயின் கதையைச் சொல்லவேண்டும். 1952ஆம் ஆண்டின் இறுதியில், பாரிஸ் நகரிலே மரியூஸ் றெனார் என்னும் பதினாறு வயதுத் தச்சுத் தொழிலாளி சாரத்திலிருந்து தவறி வீழ்ந்தான். காயமுற்ற சிறுநீரகத்தை வைத்தியர்கள் அகற்றிய பின்னரே, அவனுக்குப் பிறவியில் அமைந்திருந்த சிறுநீரகம் அது ஒன்றுதான் எனத் தெரியவந்தது. அவனுடைய தாய் தம் சிறுநீரகங்களுள் ஒன்றை எடுத்து மகனுக்குப் பொருத்துமாறு வேண்டினார். நெக்கர் வைத்தியசாலையில், நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் அச்சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. சிறுநீரகம் உடனே செயற்பட்டது. மூன்று கிழமைகள் நன்றாகவே இயங்கியது. பின்னர் திடீரென நின்றது. மகன் இறந்தான். பெற்ற தாய், வேண்டி விரும்பித் தம் உடலை அறுத்துக் கொடுத்த சிறுநீரகம் அது. அதைவிட "மனசாரக்" கொடுத்தல் உலகில் உண்டோ? எமது ஊர் முதியவருக்கு இந்த ஒரு செய்தியே போதிய விடையாகும்.

சரியாக இரண்டு ஆண்டுகளின் பின், 1954ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் யோசப் மறி என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் றொனால்ட் ஹெறிக் என்பவரின் சிறுநீரகத்தை அவருடைய உடன்பிறந்தார் றிச்சாட்டுக்குப் பொருத்தினார். அது நிராகரிக்கப்படவில்லை, றிச்சாட் எட்டாண்டுகள் வாழ்ந்தார். அவ்விருவரும் ஒரு கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். அவர்கள் மெய்யாகவே ஒருகரு இரட்டையர்தாமா என்பதை உறுதிசெய்ய வைத்தியர்கள் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. ஒருவரின் தோலிற் சிறு துண்டை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தனர். அது உதிராது நிலைத்தது. தாயின் அன்பாற் கைகூடாதது, இரட்டையரின் தோலாற் கைகூடியது. உடல் பார்ப்பது அன்பையன்று, அடையாளத்தையே என்பது இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைக்கும்போது தெளிவாகின்றது. இதனை ஆய்வு முறையில் நிறுவியவர் பீற்றர் மெடவார். இரண்டாம் உலகப்போரிலே எரிகாயமுற்றோருக்குப் பிறர் தோலை ஒட்டியபோது அது உதிர்ந்தமையையும், அதே மனிதரின் தோலை இரண்டாந் தடவை ஒட்டியபோது முன்னிலும் விரைவாக உதிர்ந்தமையையும் அவர் கண்டார். முதல் வருகையை உடல் நினைவில் வைத்திருந்தது. நிராகரிப்பு என்பது சத்திரசிகிச்சையின் பிழையன்று, நோயெதிர்ப்பின் செயலே என்பது அதனால் உறுதியாயிற்று. மெடவாருக்கு 1960ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த அடையாளம் யாது? எமது உடலிற் கருவுள்ள ஒவ்வொரு கலத்தின் மேற்பரப்பிலும் எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்கள் உள்ளன. (இலங்கைப் பாடநூல்களில் உயிரின் மிகச்சிறிய அலகுக்கும் "கலம்" என்றே பெயர், கடற்கரையிற் பிறந்தவனுக்கு அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் வள்ளங்களே நினைவுக்கு வருகின்றன.) வள்ளங்களிலே பதிவிலக்கம் எழுதப்பட்டிருப்பதுபோல அத்தகைய ஒவ்வொரு கலமும் தன் அடையாளத்தைத் தாங்கி நிற்கின்றது. இவ்வடையாளங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் ஆறாவது நிறமூர்த்தத்திலே நெருங்கி அமைந்துள்ளமையால், பெரும்பாலும் ஒரே தொகுதியாகத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பிள்ளைக்கு வருகின்றன. எனவே உடன்பிறந்தார் இருவர் இவ்வடையாளத்தில் முற்றாக ஒத்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இருபத்தைந்து. பாதி ஒத்திருக்கும் வாய்ப்பு ஐம்பது. சற்றும் ஒவ்வாதிருக்கும் வாய்ப்பு இருபத்தைந்து. ஒரே வயிற்றிற் பிறந்தவர் இருவர், இவ்வகையில் முற்றிலும் அந்நியராகவும் இருத்தல் கூடும்! மாமியும் பெரியப்பாவும் பாதி ஒத்தவர்கள். அப்பாதியைத் தீர்மானித்தது பனங்காணியன்று. அவர்கள் பிறப்பதற்கு முன்னர் நிகழ்ந்த ஒரு தற்செயல்.

இவ்விடத்தில் எமது கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளுக்கு அப்பாலுள்ள முத்துப்பார்களை ஆராய 1902ஆம் ஆண்டு பேராசிரியர் ஹேட்மனும் அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹோணெலும் இங்கிலாந்திலிருந்து வந்தனர். சிப்பியின் உடலுட் புகுந்த நாடாப்புழுவின் குடம்பியே முத்துக்குக் கருவாகின்றது என்பது அவர்கள் கண்ட முடிபு. பிற்காலத்தார் அதனை முழுமையாக ஏற்கவில்லை. சிப்பியின் ஓட்டை ஆக்கும் மென்போர்வையின் கலங்கள் இடம்பெயர்ந்து உடலினுள்ளே சிக்கி, ஒரு பையாக வளர்ந்து முத்துப்பொருளைச் சுரப்பதாலேயே முத்து உண்டாகின்றது என்பர். செயற்கை முத்து வளர்ப்போர் செய்வதும் இதுவே: ஒரு சிப்பியின் மென்போர்வையிற் சிறு துண்டை வெட்டி, ஒரு சிறு மணியுடன் வேறொரு சிப்பியின் உடலிற் பதிக்கின்றனர். உண்மையில் அது ஓர் இழைய மாற்றுச் சிகிச்சை! மணியைச் சில வேளைகளில் வெளியே தள்ளினாலும், பிறிதொரு சிப்பியின் இழையத்தைச் சிப்பி பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றது. ஏனெனில், முதுகெலும்புள்ள உயிர்களுக்கே உரிய, அந்நியரை ஒவ்வொருவராக இனங்கண்டு நினைவில் வைக்கும் நிணநீர்க்குழியங்கள் அதற்கில்லை. மனிதருக்கு உண்டு. அந்நினைவாற்றலே அம்மையிலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் எம்மைக் காக்கின்றது. அதுவே தங்கையின் சிறுநீரகத்தையும் எதிர்க்கின்றது.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலையான பகுதிக்கு வருகின்றேன். நிராகரிப்பு என்றதும் ஏதோ ஒரு படை பாய்ந்து தாக்குவதாகவே நாம் கற்பனை செய்கின்றோம். தாக்குதலுக்கு முன் நெடிய உரையாடல் ஒன்று நிகழ்கின்றது. அவ்வுரையாடலின் சொற்கள் சிறிய புரத மூலக்கூறுகள். சைற்றோகைன்கள் என்பது அவற்றின் பொதுப்பெயர். கிரேக்க மொழியிலே "கைற்றோஸ்" என்றால் கலம், பாத்திரம். "கினெயின்" என்றால் அசைத்தல். கலத்தை அசைப்பது, ஆட்டுவிப்பது என்பதே சைற்றோகைன் என்னும் சொல்லின் பொருள். தசையை ஆடச்செய்வது எதுவென நம் முன்னோர் வினவியிருப்பின் இதுவே விடையாக இருந்திருக்கும். அது உறவுக்காக ஆடவில்லை, உறவை எதிர்த்து ஆடுகின்றது என்பதுதான் வேடிக்கை.

முதற்சொல் சத்திரசிகிச்சை மேசையிலேயே பிறந்துவிடுகின்றது. கொடுப்பவரின் உடலிலிருந்து பிரிந்த சிறுநீரகம் சிறிது நேரம் குருதியின்றிக் குளிரிலே கிடக்கின்றது. மீண்டும் குருதி பாயும்போது, நொந்த கலங்கள் ஆபத்துக் குறிகளை வெளிவிடுகின்றன. பெருந்தின்குழியங்கள் அவற்றை உணர்ந்து இன்ரலூக்கின்-1, இன்ரலூக்கின்-6, ரி.என்.எவ். முதலியவற்றைச் சுரக்கின்றன. காய்ச்சலின்போது எமது உடலைக் கொதிக்கச் செய்வனவும் இவையே. அந்நியர் வந்துள்ளார் என்று இச்சொற்கள் கூறவில்லை. இங்கே ஏதோ காயம் என்று மட்டுமே கூறுகின்றன. ஆயினும் அக்கூக்குரலாற் காவலர் விழித்துக்கொள்கின்றனர். சிறுநீரகத்துடன் கூடவே வந்த தங்கையின் சில கலங்கள் அருகிலுள்ள நிணநீர்க்கணுக்களுக்குச் செல்கின்றன. அங்கு அண்ணனின் ரி-கலங்கள் அவற்றின் அடையாளத்தை வாசித்து, இது எம்முடையதன்று என உணர்கின்றன. உணர்ந்த மாத்திரத்தே அவை போர் தொடுப்பதில்லை. ஆபத்து உண்டென்பதற்கு இரண்டாவது ஒப்புதல் வேண்டும். அதுவும் கிடைத்த பின்னர், அந்த ரி-கலம் தன்னுள்ளேயே ஒரு சொல்லை ஆக்கி வெளிவிடுகின்றது. அதுவே இன்ரலூக்கின்-2.

இம்மூலக்கூறு 1976ஆம் ஆண்டு ரி-கலங்களை வளர்க்கும் காரணியாகக் கண்டறியப்பட்டது. 1979இல் சுவிற்சர்லாந்தில் கூடிய அறிஞர், வெண்குழியங்களுக்கிடையே பயில்வது என்னும் பொருள்பட இன்ரலூக்கின் என்ற பெயரை இத்தகைய மூலக்கூறுகளுக்கு இட்டனர். இன்ரலூக்கின்-2 இன் தன்மை விந்தையானது. அதனைச் சுரந்த கலமே அதனை ஏற்கின்றது. தன் குரலைத் தானே கேட்டுத் தானே வெகுண்டெழுவது போன்றது இது. அவ்வாறு கேட்ட கலம் இரண்டாகின்றது, இரண்டு நான்காகின்றன, சில நாள்களில் ஒன்று பல்லாயிரமாகின்றது. அவற்றுட் சில கொல்லும் கலங்களாகின்றன. சில, பி-கலங்களுக்கு உதவிப் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகின்றன.

பெருகிய கலங்கள் சிறுநீரகத்தை அடைந்ததும் வேறொரு மூலக்கூறு முன்னணிக்கு வருகின்றது: இன்ரபெரோன்-காமா. இது செய்யும் காரியத்தை அறிந்தபோது எனக்குச் சிறிது நேரம் பேச்சு எழவில்லை. சிறுநீரகத்தின் கலங்களை இது தூண்டி, அவை தம் எச்.எல்.ஏ. அடையாளங்களை முன்னிலும் மிகுதியாக வெளிக்காட்டச் செய்கின்றது. ஒளிந்துநிற்க வேண்டிய நேரத்தில், வந்தவனைத் தன் பெயரை உரக்கக் கூவுமாறு பணிப்பது போன்றது இது. அதே மூலக்கூறின் ஏவலாற் சிறுநீரகக் கலங்கள் சீ.எக்ஸ்.சீ.எல்.10 என்னும் அழைப்புக்குறியையும் சுரக்கின்றன. அதன் செறிவு எங்கே மிகுகின்றதோ அங்கே மேலும் ரி-கலங்கள் வந்து குவிகின்றன. அவை மேலும் இன்ரபெரோனைச் சுரக்கின்றன. கருவாட்டு வாடியில் ஒரு காகம் கரைய ஊர்க் காகங்கள் அனைத்தும் கூடுவதுபோல, ஒன்றன் குரல் மற்றொன்றை அழைக்க, சிறுநீரகம் செறிந்து நிரம்பிவிடுகின்றது. இவ்வழைப்புக்குறி சிறுநீரிலும் கசிகின்றது. கிரியற்றினின் உயர்வதற்கு முன்னரே சிறுநீரில் இதனை அளந்து நிராகரிப்பை அறியலாம் என ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆயினும் நடைமுறையில் இன்னும் ஊசிகொண்டு இழையத்தை எடுத்துப் பார்ப்பதே தீர்ப்பாக உள்ளது.

இத்தனை சொற்களுள்ளும் காணி, வழக்கு, கோபம் ஆகியவற்றுக்கு ஒரு சொல்லேனும் இல்லை என்பதை வாசகர் அவதானித்திருப்பர்.

இவ்வுரையாடலை அடக்க மனிதர் கண்ட வழி மண்ணிலிருந்து கிடைத்தது. 1960களில் அசதயோப்பிறினும் ஸ்ரெறோயிட் மருந்துகளும் வந்தபின் இரட்டையரல்லாதோருக்கும் சிறுநீரகம் பொருத்த முடிந்ததாயினும், இறந்தோரிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களுள் ஏறத்தாழ அரைவாசி ஓராண்டுக்குள் இழக்கப்பட்டன. நோர்வே நாட்டின் ஹாடங்கர் மேட்டுநிலத்திலே 1969இல் எடுத்த ஒருபிடி மண்ணிலிருந்த பூஞ்சணமொன்று சைக்குளோஸ்போரின் என்னும் மருந்தைத் தந்தது. நோயெதிர்ப்பை அடக்கும் அதன் ஆற்றல் 1972ஆம் ஆண்டு பேசல் நகரில், சன்டோஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே தெரியவந்தது. 1978இல் கேம்பிறிட்ஜில் றோய் கான் அதனை முதன்முதலாக நோயாளர்க்கு வழங்கினார். இன்று பெரிதும் வழங்கப்படும் ரக்றோலிமஸ் 1984இல் யப்பானின் சுக்குபா மலையடி மண்ணிலிருந்த நுண்ணுயிரொன்றிலிருந்து கிடைத்தது. இவ்விரு மருந்துகளும் ரி-கலத்தைக் கொல்வதில்லை. கலத்தினுள்ளே கல்சினியூறின் என்னும் நொதியத்தைக் கட்டிவைக்கின்றன. அது கட்டுண்டால் இன்ரலூக்கின்-2 ஐ ஆக்குமாறு பரம்பரையலகுக்குச் செல்லும் கட்டளை செல்லாது. சுருங்கக் கூறின், அந்நியரை அடையாளங் கண்ட கலம் கண்டபடியே நிற்கின்றது. அதனாற் பேச மட்டும் முடிவதில்லை.

எமது பிரதேசத்தவர்க்கு இச்சிகிச்சை கிட்டிய வரலாறும் இக்காலத்தை ஒட்டியதே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நிகழ்ந்தது. இலங்கையில் 1985ஆம் ஆண்டு பேராசிரியர்கள் றெஸ்வி ஷெரீப், ஷெரீப்டீன் ஆகியோரின் முயற்சியால் இது தொடங்கியது. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் மனித இழையங்களை வழங்குவதற்கு விதிமுறை வகுத்தது. ஆயினும் 1985இல் மன்னாரிலிருந்து கொழும்புக்குச் செல்வதே எத்தகைய காரியமாக இருந்தது என்பதை எமது பெற்றோரின் தலைமுறையைக் கேட்டால் சொல்வர். அது வேறொரு கட்டுரைக்குரியது.

இம்மருந்துகளின் பூட்டு பன்னிரண்டு மணிநேரப் பூட்டு. காலை எட்டு மணிக்கொரு தடவையும் இரவு எட்டு மணிக்கொரு தடவையும் குளிசையை விழுங்கவேண்டும். குருதியிலே மருந்தின் அளவு மிகுந்தால், காக்கவேண்டிய சிறுநீரகத்தையே அது நஞ்சாகித் தாக்கும், கை நடுங்கும். குறைந்தால் ரி-கலம் பேசத் தொடங்கும். பம்பளிமாசு உண்டால் அளவு கூடும். சயரோகத்துக்குரிய றிபாம்பிசின் மருந்தை உண்டால் அளவு பெரிதும் குறையும். இக்குறுகிய பாதையில் ஆயுள் முழுதும் நடக்கவேண்டும். ஏனெனில் உடல் எத்தனை ஆண்டு கழிந்தாலும் தன் நினைவைக் கைவிடுவதில்லை.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி எத்தகையது என்பதை இந்நாட்டில் வாழ்ந்த எவரும் மறந்திரார். எரிபொருள் இல்லை, பஸ்கள் ஓடவில்லை, மண்ணெண்ணெய் இன்றி எமது கரையில் வள்ளங்கள் கிழமைக்கணக்காக மணலில் ஏறிக் கிடந்தன. மருந்துத் தட்டுப்பாடு பற்றிய செய்தி நாள்தோறும் வந்தது. பெரியப்பாவின் மருத்துவத் தவணை ஒன்று தவறியது. கையிலிருந்த குளிசைகள் அடுத்த தவணைவரை எட்டவேண்டுமென்று, இரண்டு வேளைக் குளிசையை ஒரு வேளையாக்கினார். வீட்டில் எவருக்கும் சொல்லவில்லை. பாணும் சீனியும் அளந்து உண்ட காலத்தில் குளிசையையும் அளந்து உண்டது அவருக்கு முறையாகவே பட்டிருக்கும். நான் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த காலம். அவருடன் வைத்தியசாலையில் தங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பெண் வைத்தியர் ஒருவர், கடிந்துகொள்ளாமல், குளிசைகளை எண்ணிக் காட்டுமாறு கேட்டார். பெரியப்பா அப்போதுதான் சொன்னார். பாதி நாள்கள் பூட்டுத் திறந்துகிடந்தது என்பதே அதன் பொருள் என்று இப்போது எனக்குத் தெரிகின்றது. ஊரார் மாமியின் மனத்திலே தேடிய காரணம், ஒரு சிறிய பிளாஸ்ரிக் போத்தலில் இருந்தது.

மூன்று நாள்கள் நாளத்தின் வழியாக மிகையளவு ஸ்ரெறோயிட் ஏற்றினர். அது இன்ரலூக்கின்-1, இன்ரலூக்கின்-6, ரி.என்.எவ். முதலிய பல சொற்களை ஒருங்கே அடக்கும் மருந்து. கிரியற்றினின் மெல்ல இறங்கி 1.7 இல் நின்றது. பழைய 1.3 மீளவில்லை. நிராகரிப்பு ஒன்று விட்டுச்செல்லும் தழும்பு சிறுநீரகத்தில் எஞ்சிவிடும் என்றனர்.

இவற்றையெல்லாம் முதலாம் வருட விடுமுறையில் மாமிக்கு விளங்கப்படுத்த முயன்றேன். இன்ரலூக்கின் என்ற சொல்லையே அவர் முன் எடுக்கவில்லை. பாரிஸ் நகரத்துத் தாயின் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்ப அந்தத் தாயையும் சனம் கதைச்சிருக்குமோ?" என்று கேட்டார். என்னிடம் அதற்கு விடை இருக்கவில்லை. பின்னர் இன்னொரு செய்தியைச் சொன்னேன். 1995ஆம் ஆண்டு ரெறசாக்கி என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும், அமெரிக்காவிலே கணவன் மனைவியர் ஒருவருக்கொருவர் வழங்கிய சிறுநீரகங்களைக் கணக்கெடுத்து வெளியிட்டனர். குருதியுறவு எதுவுமற்ற அச்சிறுநீரகங்களுள் நூற்றுக்கு 85 மூன்றாண்டுகளின் பின்னரும் இயங்கின. பெற்றோர் பிள்ளைகளுக்கு வழங்கியவற்றில் அத்தொகை 82. இறந்தோரிடமிருந்து பெற்றவற்றில் 70. அன்பினால் அன்று, உயிருள்ளவரின் நலமான சிறுநீரகம் அதிகம் நோகாமல் இடம் மாறுவதால், அந்த முதற் கூக்குரல் தாழ்ந்தே ஒலிப்பதுதான் காரணம் என அவர்கள் கருதினர். மாமி கூர்ந்து கேட்டார். "அப்ப நான் குடுத்ததிலை பிழை இல்லை" என்றார். அது வினாவா விடையா என்பது குரலிலிருந்து தெரியவில்லை.

இரவு எட்டு மணிக் குளிசையே தேவைப்படாத நாளும் வரலாம். பொஸ்ரன் நகரிலே, கொடுப்பவரின் சிறுநீரகத்துடன் அவரது என்புமச்சையையும் சேர்த்துப் பொருத்தி, ஐவருள் நால்வர் பின்னர் மருந்துகளை நிறுத்தியும் சிறுநீரகம் இயங்கியமையை 2008ஆம் ஆண்டு அறிவித்தனர். ஆயினும் அச்சிகிச்சை கடுமையானது. எல்லோருக்கும் உரியதாக இன்னும் ஆகவில்லை. எமது கரைக்கு அது எப்போது வருமோ!

மாமியை ஆண்டுக்கொரு தடவை குருதியமுக்கம் பார்க்கவும் சிறுநீர் பரிசோதிக்கவும் அழைத்துச் செல்லவேண்டும் என வைத்தியர்கள் கூறியிருந்தனர். பெற்றவரின் தவணைகளை வீட்டார் அனைவரும் நினைவில் வைத்திருக்கின்றனர். கொடுத்தவரின் தவணையை நினைவில் வைப்பார் இல்லை. இவ்விரண்டு ஆண்டுகளாக அப்பொறுப்பை நான் ஏற்றிருக்கின்றேன். பனங்காணி வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. சென்ற தவணைக்கு அண்ணனும் தங்கையும் ஒரே பஸ்ஸிலே மன்னாருக்குச் சென்றனர். வழக்குப் பின்னேரம்வரை இழுபடுமோ என்றஞ்சி, பெரியப்பாவின் இரவுக் குளிசையையும் தண்ணீர்ப் போத்தலையும் மாமியே தமது பையில் எடுத்துச் சென்றிருந்தார். வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.